இல்லறத்தார் கொல்லாமையும் எலி வளையும்

 

தசலட்சண நாள்களில் உத்தமப் பொறுமை முதலாக நாளுக்கோர் அறம் கேட்டுவரும் அவையில் எலியைப் பற்றிய பேச்சா என்று சிலர் நினைக்கக்கூடும். காவிரிப் பாசனத்தில் வீடும் கொட்டகையும் வைத்திருப்போர்க்கு அந்த ஐயம் எழாது. இன்னும் சில வாரங்களில் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடும். வரப்பில் வளை தோண்டி வாழும் எலிகள், வயலில் நீர் ஏறியதும் மேடு தேடி ஊருக்குள் வரும். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகி வயல் வெறுந்தாளாகக் கிடக்கும்போது மறுபடியும் வரும். கும்பகோணம், கரந்தை, மன்னார்குடி, தீபங்குடி ஆகிய ஊர்களின் ஜினாலயங்களைச் சூழ்ந்து வாழ்ந்த முன்னோரும் நெல்லோடு வாழ்ந்தவர்களே. நெல்லோடு வாழ்ந்தவர் எலியோடும் வாழ்ந்தாக வேண்டும். எப்படி வாழ்வது என்பதே கேள்வி.

தாராசுரத்தில் ஒரு வீடு. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதீசுவரர் கோயிலைக் காண அவ்வூர்க்குப் பலர் வருகின்றனர். 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் அக்கோயில் சேர்க்கப்பட்ட பின்னர் இன்னும் மிகுதியாக வருகின்றனர். கோயிலை விட்டுத் தெருக்களுக்குள் நடப்பவர் காதில் விழுவது தறியின் ஓசை. பட்டு நெசவு அவ்வூரின் பழந்தொழில்.

அந்த வீட்டார் சமணர். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லையில் மாட்டுக்கொட்டில், கொட்டிலை ஒட்டி நீண்ட கொட்டகை ஒன்று. கொட்டகையின் ஒரு பாதியில் நெல் மூட்டைகள். மறு பாதியில் குழித்தறி ஒன்றைப் போட்டு நெசவாளர் ஒருவர் பல ஆண்டுகளாக வாடகைக்கு நெய்துவந்தார். இடையே இருந்தது மூங்கில் தட்டி ஒன்றுதான். வீட்டில் எண்பதை நெருங்கும் மூதாட்டி, அவர் மகன், மருமகள். மூதாட்டி இரவுண்ணாமையைச் சிறுவயது முதல் கைக்கொண்டவர். நீரை வடிகட்டாமல் அருந்தமாட்டார். அரிசியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துப் பொறுக்காமல் உலையில் இடமாட்டார்.

மாசியில் நெல் வந்தது. ஆள் பற்றாக்குறையால் மூட்டைகளைச் சுவரோடு சுவராகத் தரையிலேயே அடுக்கினார்கள். பத்தாயத்தில் கொட்டுவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். அந்த வாரம் சித்திரை வரை வரவேயில்லை. அதற்குள் அடிமூட்டைகள் கிழிந்து நெல் சிந்தியது, உமி குவிந்தது, தட்டியின் கீழே வழி உண்டாயிற்று. ஒருநாள் காலையில் நெசவாளர் தறிக்கு வந்தபோது, கஞ்சிப் பசை ஏற்றிய பட்டுப் பாவில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு இழைகள் அறுபட்டுக் கிடந்தன. பாவு அவருடையதன்று, பட்டும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியுடையது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சரிசெய்யப் பல நாள் ஆகும். அந்த நாள்களுக்குக் கூலி இல்லை.

அன்று மாலையே அவர் கடையில் பசை அட்டை வாங்கிவந்து தட்டியோரம் வைத்துவிட்டுப் போனார். விடியுமுன் கொல்லைப் பக்கம் வந்த மூதாட்டியின் காதில் கீச்சென்ற ஒலி விழுந்தது. அட்டையில் ஒரு சுண்டெலி நான்கு காலும் ஒட்டிக் கிடந்தது. அருகே ஒரு மூஞ்சூறு. அது முன்பே இறந்துவிட்டது. மூதாட்டி சமையல் எண்ணெயை எடுத்துவந்து சொட்டுச் சொட்டாக விட்டுச் சுண்டெலியை விடுவித்தார். பின்னங்கால் ஒன்றின் தோல் அட்டையிலேயே தங்கிவிட்டது. அது மூட்டைகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய் மறைந்தது.

நெசவாளர் வந்ததும் மூதாட்டி, “தம்பி, எங்கள் இடத்தில் இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தாமல் சொன்ன மறுமொழி இது: “அம்மா, உங்கள் வீட்டு நெல்லைத் தின்று வளர்ந்த எலிதானே என் பட்டைக் கடிக்கிறது? அதைக் கொல்லக்கூடாது என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.”

மூதாட்டியிடம் உடனே விடை இல்லை. கொல்லாமையைப் பேசும் வீட்டில், கொல்ல வேண்டிய நிலையை ஏழைத் தொழிலாளி ஒருவர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

சிராவகாசார நூல்கள் இல்லறத்தார் செய்யும் இம்சையை நான்காகப் பகுத்துக் காட்டுகின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. அடுப்பு, உலக்கை, துடைப்பம் எனும் வீட்டு வினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. பின்னைய மூன்றையும் இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது; இயன்ற அளவு குறைக்க வேண்டும். முதலாவதை விலக்கியே ஆக வேண்டும். ஐம்பொறியும் உடைய எலிக்கு விடம் வைப்பது சங்கல்ப இம்சை என்பதில் தருக்கத்துக்கு இடமில்லை. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னனும் தாயும் பிறவிதோறும் துயருற்ற கதையை யசோதர காவியத்தில் படித்தவர்கள், மனத்தின் சங்கல்பம் எத்தகையது என்பதை நன்கு அறிவார்கள்.

“வீட்டார் வைக்கவில்லை, வேலையாள்தான் வைத்தார்” என்னும் சமாதானமும் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினைதான். விடம், வாள் முதலியவற்றைப் பிறர்க்கு வழங்குவதை நூல்கள் இம்சாதானம் என்று அனர்த்த தண்டத்தில் சேர்த்திருக்கின்றன. அண்டை வீட்டார் கேட்கிறார்களே என்று எலி மருந்தை இரவல் கொடுப்பதும் அதன்பாற் படும். எலிக்காகப் பூனை வளர்ப்பதையும் சான்றோர் ஏற்கவில்லை.

கூண்டில் பிடித்து விடுவது பலருக்கு நிறைவு தரும் வழி. அதிலும் கவனம் வேண்டும். கொல்லாமை அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இரவில் கூண்டை வைத்துவிட்டு மறுநாள் நண்பகல் வரை மறந்திருந்தால், முதலாவதும் ஐந்தாவதும் ஒருங்கே நேர்ந்துவிடும். பிடிபட்டதை அடுத்த தெருவில் விட்டால் திரும்பி வந்துவிடும், அல்லது அடுத்த தெருவார்க்குத் தொல்லையாகும். வளையும் தெரியாத, உணவும் தெரியாத தொலைவிடத்தில் விட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கையில் குருதி படவில்லை என்பது மட்டுமே மிச்சம்.

பசை அட்டையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய விலங்குகள் நல வாரியமே அதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது; பல மாநிலங்கள் தடை ஆணையும் பிறப்பித்துள்ளன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதரின் கல்லீரலையே சிதைத்துவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. குருதி உறையாமற் செய்யும் மருந்துக் கட்டிகளைத் தின்ற எலி சில நாள் உள்ளுக்குள் குருதி கசிந்து சாகும். அந்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகக்கூடும். வயலில் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியை டெல்டாவில் அறியாதார் இல்லை. மூங்கிலை வளைத்து நாண் பூட்டிய அந்தப் பொறி எலியின் கழுத்தை நொடியில் இறுக்கும். வயலின் கேள்வி பெரிது. அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும். இன்றைய பேச்சு வீட்டையும் கொட்டகையையும் மட்டும் பற்றியது.

வீட்டில் விடைகாண, எலியின் இயல்பை முதலில் அறிய வேண்டும். சுண்டெலி ஒன்று நாளொன்றுக்குத் தின்பது மூன்று கிராம் அளவு தானியமே. சிந்தியும் கழிந்தும் அது கெடுப்பது பன்மடங்கு. அதன் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் வேறு அச்சம். சூல் கொண்ட மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் ஏறத்தாழ ஆறு வாரத்தில் தாமும் ஈனத் தகுதி பெறும். எழுதுகோல் நுழையும் அளவு, அதாவது ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உள்ளே வந்துவிடும். முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். அதில் பகைமை ஏதுமில்லை. கூட்டிலிருந்து சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே பெரும்பாலும் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். ஆகவே கொட்டகையில் சுண்டெலி இருக்கிறதென்றால் அதன் உணவும் கூடும் அங்கேயே இருக்கின்றன என்று பொருள். வீட்டெலியோ பெரியது, மரமும் கயிறும் ஏறி ஓட்டின் வழியே வரும். அட்டையில் இறந்த மூஞ்சூறு எலி இனமே அன்று. அது கரப்பான் முதலியவற்றைத் தின்று வாழ்வது, நெல்லைத் தொடாது. பாவம், தானியம் தின்னாத உயிர்தான் அன்று முதலில் மாண்டது.

இரக்கத்தால் கொல்லைப்புறத்தில் நாளும் ஒரு பிடி நெல் இறைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தப் பிடி நெல் நான்கு எலிகளை நாற்பதாக்கும். பிறகு யாரோ ஒருவர் பொறுமை இழந்து விடம் வைப்பார். அங்கே இரக்கமும் இம்சைக்கு முன்னோடியாகிவிடுகிறது. தானியத்தை மூடிவைப்பது உணவு மறுத்தல் எனும் அதிசாரம் ஆகாதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். அந்த அதிசாரம் தன் பிடியில் கட்டுண்ட உயிரைப் பட்டினி போடுவதைக் குறித்தது. கட்டற்று உலவும் எலிக்கு உலகம் பரந்தது.

கொல்லாமல் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எண்ணுவோர், ஜாவாத் தீவில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். அதுவும் நெல் விளையும் நாடு. மூங்கில் வீடுகளின் நாடு. 1911-இல் அங்கே மலாங் பகுதியில் பிளேக் நோய் பரவியது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைக் கடத்துகிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. எலிகள் எங்கே வாழ்கின்றன என்று ஆராய்ந்தபோது, கூரைக்கும் சுவருக்கும் இட்ட மூங்கில்களின் உள்துளையிலேயே கூடு கட்டியிருந்தன. டச்சு அரசினர் அடுத்த முப்பது ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் திருத்தியமைத்தார்கள். கூரை மாற்றி ஓடு வேய்ந்தார்கள். மூங்கிலுக்கு மாற்றாக மரம் வைத்தார்கள். மூங்கில் தவிர்க்க முடியாத இடத்தில் அதன் வாயை அடைத்தார்கள். செலவின் பெரும்பகுதி குடிமக்கள் தலையில் விழுந்ததும், மக்கள் வருந்தியதும் அந்த வரலாற்றின் மறுபக்கம். அவர்கள் கொல்லாமை நோன்பு பூண்டவர்களும் அல்லர். ஆயினும் நோயை அஞ்சிய ஓர் அரசு, எலியைத் துரத்துவதினும் எலிக்கு இடமில்லாத வீட்டைக் கட்டுவதே பயன்தரும் என்று கண்டது. தஞ்சைப் பகுதியின் ஓட்டு வீடுகளிலும் வரிச்சலுக்கு மூங்கில் உண்டு. அதன் திறந்த வாயை எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்?

முன்னோரும் இதை அறியாதவர்கள் அல்லர். பத்தாயத்தைக் கால் வைத்துத் தரைக்கு மேல் நிறுத்தினார்கள். குதிரின் வாயை மேலே வைத்து மூடியிட்டு, அடியில் நெல் எடுக்கும் சிறு துளையை இறுக அடைத்தார்கள். தென்னையைச் சுற்றித் தகடு அடித்து எலி ஏறாமற் செய்வது இன்றும் காண்பது. அதில் எந்த உயிருக்கும் ஊறில்லை. 1960-களில் மத்திய அரசு நடத்திய தானியப் பாதுகாப்பு இயக்கம் ஊர்தோறும் பரப்ப முயன்ற தகரக் குதிரும் அதே கருத்தின் புது வடிவமே. நொச்சியும் வேம்பும் நெல்லில் இடுவது வண்டுக்காக. அது எலியைத் தடுக்காது. மின்சாரத்தில் பொருத்தும் ஒலிக்கருவியை எலி விரைவில் பழகிக்கொள்ளும்.

தாராசுரத்து வீட்டார் முதலில் செய்தது கடன் தீர்ப்பது. இழை முடிந்த நாள்களின் கூலியை மகன் கணக்கிட்டு நெசவாளரிடம் கொடுத்தார். அவர் வாங்க மறுக்கவே, வாடகையில் கழித்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னரே வேலை தொடங்கியது.

நெல்லைப் பத்தாயத்துக்கு மாற்றினார்கள். எஞ்சிய மூட்டைகளைக் கட்டைகள் மேல், சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு அடுக்கினார்கள். பின்புறம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். கட்டினாலும் உடனே தெரிந்துவிடும். கொட்டிலில் தவிடும் புண்ணாக்கும் மூடியுள்ள பீப்பாய்க்குள் போயின. சுவரில் சாய்ந்திருந்த வைக்கோல் போர் கொல்லைக் கோடிக்கு நகர்ந்தது. அதைப் பிரித்த நாளில் மூதாட்டி நாற்காலி போட்டு அருகிலேயே அமர்ந்துகொண்டார். ஒரு கட்டை எடுப்பதற்குமுன் கோலால் மெல்லத் தட்டச் சொன்னார். பொருளைப் பார்த்து எடுத்தல், பார்த்து வைத்தல் என்னும் ஆதான நிக்ஷேபண சமிதி முனிவர்க்கு உரியது. வைக்கோல் பிரிக்கும் இல்லறத்தார்க்கும் அதில் கற்க உண்டு.

ஓட்டின்மேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையைக் கழித்தார்கள். முற்றத்துச் சலதாரையின் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை பொருத்தினார்கள். கொட்டகைக் கதவின் அடியில் தகடு அடித்தார்கள். மூங்கில் தட்டி போய்ச் செங்கல் சுவர் வந்தது. செலவு மிகுந்தது அதற்குத்தான். கொத்தனார் பொந்தை அடைக்கக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் கலக்க முனைந்தார். அது ஊர் வழக்கம். வாயையும் காலையும் அறுக்கும் என்று மருமகள் தடுத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசச் சொன்னார். கொறிக்க முயலும் எலி அதன் உறுத்தலில் விலகிப் போகும்.

சமையலறையில் பெரிய வேலை இல்லை. அது அந்த வீட்டின் நோன்பு தந்த பயன். எலி உலவுவது இருள் சூழ்ந்த பின். ஒன்பது மணிக்கு உண்டு, எச்சில் பாத்திரத்தைக் காலை வரை போட்டுவைக்கும் வீட்டில் அதற்கு விருந்து காத்திருக்கும். கதிரவன் மறையுமுன் உண்டு, துடைத்து, மூடிவைத்த அடுக்களையில் அதற்கு ஒன்றுமில்லை. இரவுண்ணாமைக்கு நூல்கள் கூறும் காரணங்களுள் எலி இல்லை. ஆனாலும் பயன் இருக்கிறது. இந்நோன்பை இளையோர் கைவிட்டுவரும் வீடுகளில் எலித்தொல்லை பெருகியிருக்கிறதா என்று தாய்மார்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பொந்துகளை அடைத்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தவறு நேர்வது அங்கேதான். வெளிவழியை அவசரமாக அடைத்தால் உள்ளே இருப்பது பட்டினியால் மெல்லச் சாகும். விடத்தைவிடக் கொடிய சாவு அது. அடைத்தவர்க்கோ தெரியாது, நாற்றம் வந்த பிறகே தெரியும். ஆகவே மாலையில் பொந்தின் வாயில் சாம்பல் தூவி, கசக்கிய தாளைத் தளர்வாகச் செருகிவைத்தார்கள். தொடர்ந்து மூன்று நாள் தாளும் அசையாமல் சாம்பலிலும் தடம் விழாமல் இருந்தால், அது கைவிடப்பட்ட பொந்து, அதை அடைத்தார்கள். தடம் கண்டால் விட்டுவைத்தார்கள். உள்ளே குட்டிகள் இருந்தால், உணவு அற்றுப்போன இடத்திலிருந்து தாயே அவற்றைக் கவ்விக்கொண்டு வேறிடம் போகும்; அல்லது மூன்று வாரத்தில் குட்டிகள் பால் மறந்து தாமே வெளியேறும். அந்த மூன்று வாரம் காத்திருப்பதுதான் கொல்லாமைக்குச் செலுத்தும் விலை. இரண்டு சிமெண்டுப் பூச்சுக்கு இடையில் கொத்தனாரை நிறுத்திவைக்க முடியாது. மறுபடி வரவழைக்க மறுபடி கூலி.

எல்லாம் முடிந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. எலி அறவே இல்லை என்று அந்த வீட்டார் சொல்வதில்லை. ஓட்டின்மேல் சில இரவுகளில் ஓடும் சத்தம் கேட்கிறது. வரிச்சல் மூங்கிலின் வாய்களை இன்னும் பாதிதான் அடைத்திருக்கிறார்கள். தறியில் புதுப் பாவு ஏறி இரண்டு புடவைகள் நெய்து இறக்கியாயிற்று. நெசவாளர் மாலையில் வீடு திரும்புமுன் தறிக்குழிக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். பசை அட்டையில் ஒன்று பிரிக்காமல் அவரிடம் மிஞ்சியிருந்தது. அதை அவரே மூதாட்டியிடம் கொடுத்துவிட்டார்.

கொட்டிலின் மூலையில், பழைய உரலுக்குப் பின்னால், ஒரு பொந்து மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. பக்கத்தில் சிமெண்டும் இரும்பு நாரும் காத்திருக்கின்றன. மூதாட்டி ஒவ்வொரு மாலையும் உணவு முடித்து, பொழுது சாயுமுன் அங்கே போய்ச் சாம்பல் தூவிவிட்டு வருகிறார். நேற்றைய சாம்பலில் சிறிய தடங்கள் இருந்தன.